முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதும்

(தருமபுரியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டிருந்தீங்க. பையில் நாலு கவிதை இருக்கு. கூடவே இன்னொரு தாளும் இருக்கு. இன்னைக்குக் கவிதை வேண்டாம், அந்தத் தாளைப் பத்திப் பேசிட்டுப் போயிடறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்க கிளையில் கரண்ட் அக்கவுண்ட் வச்சிருக்கிற ஒருத்தர் கவுண்டரில் ஒரு நோட்டீசை மறந்துவிட்டுப் போனார். அவருடைய ஆடிட்டர் கொடுத்தது போல. தலைப்பு: ‘தொழிலாளர் சட்டத்தில் மாற்றங்கள் – முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை’. திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பிறகு சட்டத்தையே வாங்கிப் படித்தேன். முதலாளிக்கு இதை எடுத்துச் சொல்ல ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், சங்கம் இருக்கிறது. சூளையில் கல் அறுக்கிறவருக்கு இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2019இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்பு. 2020இல் நிறைவேறிய தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புகள் மூன்று. 29 பழைய சட்டங்கள் இந்த நான்குக்குள் போய்விட்டன. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 1979ஆம் ஆண்டு மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டம், 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் எல்லாம் இதில் அடக்கம்.

‘எளிமைப்படுத்திட்டோம்’ என்கிறார்கள். யாருக்கு எளிமை? அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஒரேயடியாக எல்லாம் போச்சு என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்வது சுலபம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்தச் சட்டம் ஒரு கையால் நமக்குத் தாளைக் கொடுக்கிறது, இன்னொரு கையால் எண்களைப் போட்டுக் கதவை மூடுகிறது. இரண்டையும் பார்க்கணும்.

முதலில் தாள்.

எங்க அப்பா அரூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போன ஆள். இருபது வருசத்துக்கு மேல போனார். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்துட்டார். மேஸ்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார், கட்டுப் போட்டதும் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தக் கட்டடம் யாருடையது என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. யாரோ சொன்னாங்கன்னு ஒரு வக்கீலிடம் போனோம். ‘நீ அங்கே வேலை செஞ்சதுக்கு என்னய்யா ஆதாரம்?’ என்றார். அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்புக் காய்த்த கை. அது எந்தக் கோர்ட்டில் செல்லும்?

எனக்கு வங்கியில் வேலை கிடைத்து அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்தபோது அம்மா அதை பாலிதீன் கவரில் போட்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். வீட்டுப் பட்டா இருந்த அதே பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்தத் தாளின் மதிப்பு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எங்க வீட்டில் இவன் இன்னாரிடம் இன்ன வேலைக்கு இன்ன சம்பளத்துக்கு இருக்கிறான் என்று ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்கிறது. ஏற்கெனவே வேலையில் இருந்து கடிதம் இல்லாதவர்களுக்குச் சட்டம் அமலாகி மூன்று மாதத்துக்குள் தரணும். ஊதியத் தொகுப்பு, சம்பளச் சீட்டு கொடுக்கணும் என்கிறது. வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்கணும். குறைந்தபட்சக் கூலி முன்பெல்லாம் அட்டவணையில் இருந்த தொழில்களுக்கு மட்டும்தான். இப்போது எல்லா வேலைக்கும்.

இன்னும் இரண்டு இருக்கு, குறிச்சுக்கோங்க. ஆடிட்டர் நோட்டீசில் இவை இரண்டும் இல்லை. ஊதியத் தொகுப்பின் 59ஆவது பிரிவு, கூலி வரலைன்னு தொழிலாளி மனுக் கொடுத்தால், கொடுத்தாச்சு என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்கிறது. 45ஆவது பிரிவு, மூன்று வருசம் வரைக்கும் பழைய பாக்கியைக் கேட்கலாம் என்கிறது. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாசம்தான். விசாரிக்கிற அதிகாரி, பாக்கிக்கு மேலே அதைப்போல பத்து மடங்கு வரை நஷ்டஈடு போடலாம்.

அப்போ நல்ல சட்டம்தானே என்று கேட்பீர்கள். இனி எண்களுக்கு வாங்க.

நியமனக் கடிதம் சொல்கிற அந்தத் தொகுப்பு, பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்குத்தான். ஒன்பது பேர் என்றால் கடிதம் கிடையாது. மின்சாரத்தில் ஓடுகிற பட்டறையை ‘தொழிற்சாலை’ என்று சொல்ல முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்துக்கு 20 என்று இருந்தது 40 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் 20 பேருக்கு என்று இருந்தது 50 ஆகிவிட்டது. நிலையாணைகள் 100 பேருக்கு என்று இருந்தது 300 ஆகிவிட்டது. 300 பேருக்குக் குறைவான தொழிற்சாலையை இழுத்து மூட அரசின் முன்அனுமதி வேண்டாம். விவசாய வேலைக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேர் வரை வைத்திருக்கிறவர் சம்பளச் சீட்டும் தரவேண்டாம், பதிவேடும் வைக்க வேண்டாம்.

இந்த எண்களுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் தோழர்களே? பாலக்கோட்டில் தக்காளித் தோட்டத்தில் நாலு பொம்பளைங்க. சூளையில் ஒரு குடும்பம். அடுப்படியில் ஒரே ஒரு அக்கா. சட்டம் ‘எல்லாருக்கும்’ என்று ஆரம்பிக்கிறது. கடைசியில் எண் போட்டு வடிகட்டும்போது சல்லடைக்குக் கீழே விழுவது சேரி. மேஸ்திரிக்குக் கணக்குத் தெரியாதா? 60 ஆளை இரண்டு மேஸ்திரி பேரில் முப்பது முப்பதாகப் பிரிச்சுட்டா வேலை முடிஞ்சுது.

நம்ம மாவட்டத்துக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்டுல போய் நின்னு பாருங்க. ஓசூர், பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் யார்? தூக்குச் சட்டி, சாக்குப் பை, கைக்குழந்தை. தண்ணியில்லாத மானாவாரி மண், சொந்தமாய் நிலமும் கிடையாது. ஊருக்குள்ளே கூலி கேட்டால் சாதியைக் கூலியாய்த் தருவான். அதனால போறாங்க. மாநில எல்லையைத் தாண்டிப் போவதால் சட்டப்படி அவர்கள் ‘மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்’. 1979ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்ட ஐந்து பேர் ஒரு இடத்தில் இருந்தாலே செல்லும். புதிய தொகுப்பில் பத்துப் பேர் வேண்டும். ஊரை விட்டுப் போவதற்கென்று இடப்பெயர்வுப் படி ஒன்று பழைய சட்டத்தில் இருந்தது. அது போய்விட்டது. போய்வர வருசத்துக்கு ஒரு பயணப் படி மட்டும் நிற்கிறது. ஒரு நல்லதும் உண்டு. மேஸ்திரி கூட்டிப் போனால்தான் என்றில்லாமல், தானாகப் போய் வேலைக்குச் சேர்ந்தவரையும் இப்போது கணக்கில் எடுக்கிறார்கள், மாதம் 18,000 ரூபாய்க்குள் கூலி என்றால். இதெல்லாம் எங்க அப்பாவுக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கும் தெரியாது.

அந்தக் கூலி நமக்கு வெறும் சோறு மட்டும் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளை எரித்தார்கள். ஒரு கலப்பு மணத்தைக் காரணம் காட்டினார்கள். எரிந்தவை எந்த வீடுகள்? பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்த காசில் எழுந்த வீடுகள். பீரோவும் டிவியும் பைக்கும் தேடித் தேடி உடைக்கப்பட்டன. பிள்ளைகளின் சான்றிதழ்கள் எரிந்தன. அந்த நெருப்பு எரித்ததில் பாதி, ஊர்க்காரன் கையை எதிர்பார்க்காமல் வந்த கூலி. ஆகவே கூலிச் சட்டம் என்பது தொழிற்சங்கக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய தனி விவகாரம், நம்முடையது சாதி ஒழிப்பு மட்டும் என்று பிரிக்கிற தோழர்களிடம் எனக்கு உடன்பாடு கிடையாது. நம்ம ஊரில் இரண்டும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன.

அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே தீண்டப்படாதவர்களை விடமாட்டார்கள். நாடாவில் நூல் மாட்டும்போது வாயால் உறிஞ்சி இழுக்கணும், எச்சில் படும், தீட்டு என்று சக தொழிலாளர்களே தடுத்தார்கள். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்த காலத்தில் அம்பேத்கர் இந்தப் பிரச்சினையைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னால் வைத்தார். அப்படிக் கேட்டதற்காகத் தொழிலாளர் போராட்டத்தை அவர் கைவிட்டுவிடவில்லை. 1938இல் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்குகிற மசோதா பம்பாயில் வந்தபோது, அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி மற்ற சங்கங்களோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியது. அந்தத் தேதியும் நவம்பர் 7தான். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அவர். ஆலையில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 ஆகக் குறைந்ததும், குறைந்தபட்சக் கூலி மசோதா 1946 ஏப்ரலில் சபைக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். அந்த மசோதாவிலிருந்து வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் இப்போது தொகுப்புக்குள் கரைத்திருக்கிறார்கள்.

அந்த நூல் உறிஞ்சுகிற கதையை நினைப்பில் வைத்துக்கொண்டு ஊதியத் தொகுப்பின் 3ஆவது பிரிவைப் படியுங்கள். ஒரே வேலைக்குக் கூலியில் பாகுபாடு கூடாது என்கிறது. எந்த அடிப்படையில்? பாலினத்தின் அடிப்படையில். சரி, அது வேண்டியதுதான், எங்க அம்மா சித்தாளாய்ப் பாதிக் கூலி வாங்கியவர். ஆனால் அடுத்த வார்த்தை எங்கே? சாதி எங்கே? 29 சட்டங்களைப் பிரித்துத் திரும்ப எழுத உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்க மை தீர்ந்துவிட்டதா?

வார்த்தை இல்லையே தவிர, சாதி அங்கே இருக்கிறது. எங்கே என்று காட்டுகிறேன். பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனத்தின் மையமான வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்கிறது. நல்லது. மையமான வேலை எவை இல்லை என்று உடனே ஒரு பட்டியல் போடுகிறது. பட்டியலில் முதல் இடம் எதற்கு? துப்புரவுக்கு. பெருக்குதல், கழுவுதல், தூசி தட்டுதல், எல்லா வகைக் கழிவையும் அள்ளுதல். பிறகு காவல், கேன்டீன், ஏற்றி இறக்குதல், தோட்ட வேலை, சலவை. துப்புரவுக்கென்றே நடத்துகிற நிறுவனத்துக்கு மட்டும் விலக்கு. அந்தப் பட்டியலை எங்க பாட்டியிடம் வாசித்துக் காட்டினால், ‘இது நம்ம தெரு அட்ரசு மாதிரி இருக்கேடா’ என்று சொல்லியிருப்பார். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்துக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், 13 நாள் உட்கார்ந்தார்களே, எதற்கு? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து. நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. ஊரைச் சுத்தமாக வைத்திருப்பது ஒரு மாநகராட்சிக்கு மைய வேலை இல்லையென்றால் வேறு எதுதான் மைய வேலை?

ரொம்ப தூரம் போகவேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு வங்கிக் கிளையைச் சொல்கிறேன். எது என்று கேட்காதீர்கள். காலை எட்டரை மணிக்கு ஒரு அக்கா வந்து கூட்டிப் பெருக்கி, கக்கூஸ் கழுவி, குடிதண்ணீர் பிடித்து வைக்கிறார். பத்துப் பதினோரு வருசமாய். நம்ம சனம்தான். அவர் பேர் எந்த வருகைப் பதிவேட்டிலும் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை ‘சில்லறைச் செலவு’ என்ற தலைப்பில் ஒரு வவுச்சர் போடுவார்கள். அந்த வவுச்சரை எழுதுகிற கை நம்ம சாதிக்காரன் கை. கவிதை எழுதுகிற கை. தோழர்களே, அது என் கைதான். பேனாவுக்கு மசியும் துடைப்பத்துக்கு ஈர்க்கும் ஒரே தலைப்பில் எழுதுகிற இடத்தில் ஒரு மனுசியின் கூலியை இத்தனை வருசம் எழுதியிருக்கிறேன். முதலாளியை எங்கேயோ தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய பேனா என் சட்டைப் பையில் இருந்தது.

இந்தத் தொகுப்புகளைப் படித்த பிறகு அந்த அக்காவிடம் பேசினேன். சம்பளச் சீட்டு கேட்கலாம், குறைந்தபட்சக் கூலி கேட்கலாம், மூணு வருசப் பாக்கி கேட்கலாம் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: ‘இதைக் கேட்டா இருக்கிற வேலையும் போயிடுமா தம்பி?’

எனக்குப் பதில் வரவில்லை. 14 நாள் முன்அறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்றும், பாதிப்பேர் ஒன்றாக லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம் என்றும் எழுதிய சட்டம், தனியாய் நிற்கிற ஒரு பெண் நாளைக்கும் வேலைக்கு வரலாம் என்று உறுதி சொல்லவில்லையே. குறைவாகக் கூலி கொடுக்கிறவருக்கு முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். ஐந்து வருசத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் மூணு மாசம் வரை சிறை என்ற பேச்சே வருகிறது. பழைய ‘இன்ஸ்பெக்டர்’ இப்போது ‘ஆய்வாளரும் வழிகாட்டியும்’. யாருக்கு வழிகாட்டி?

அப்போ நம்ம கையில் என்ன இருக்கு? நிறைய இருக்கு. அந்த நான்கு தொகுப்புக்குள் போகாத சட்டங்கள் மூன்று அப்படியே நிற்கின்றன. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். முன்பணம் கொடுத்து சூளையில் கட்டிப்போட்டிருந்தால் அந்தக் கடனே செல்லாது. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். 2013ஆம் ஆண்டு மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இந்த மூன்றாவதில், தலித்தை வெட்டி வேலைக்கோ கட்டாய வேலைக்கோ கொத்தடிமை வேலைக்கோ ஆளாக்கும் தலித் அல்லாதவருக்கு ஆறு மாசம் முதல் ஐந்து வருசம் வரை சிறை உண்டு.

இதோடு ஒரு தீர்ப்பைச் சேர்த்துப் படியுங்கள். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய வேலை என்றது. பசி கட்டாயப்படுத்தினாலும் கட்டாயம்தான் என்றது. அப்படியென்றால் குறைகூலி ஒரு தலித்துக்கு இழைக்கப்படும்போது அது வன்கொடுமை ஆகாதா? இந்த வாதத்தை நம்ம ஊர் வக்கீல் தோழர்கள் கோர்ட்டில் வைக்கணும். 3ஆவது பிரிவில் அவர்கள் விட்ட வார்த்தையை நாம் இந்தப் பக்கத்திலிருந்து எழுதணும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறையில் உங்க காலனிக்குப் போகும்போது பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்க. பெங்களூர் போகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். எந்தத் தேதி போனார், மேஸ்திரி பேரு, எந்த ஏரியா, கட்டடத்தில் மாட்டியிருந்த போர்டில் என்ன பேர், ஒருநாள் கூலி எவ்வளவு, எவ்வளவு கைக்கு வந்தது. செல்போனில் போர்டை ஒரு போட்டோ. கூலியை ஜிபே-யில் போடச் சொல்லுங்க, கணக்கில் தடம் இருக்கும். ஏ.டி.எம். கார்டை மேஸ்திரியிடம் கொடுக்காதீங்கன்னு சொல்லுங்க. அவர் கார்டை மொத்தமாக வைத்துக்கொண்டு வரிசையாகப் பணம் எடுப்பதை நான் கண்ணால் பார்க்கிறவன். 59ஆவது பிரிவு நிரூபிக்கிற பாரத்தை முதலாளி தலையில் வைத்திருக்கிறது என்றாலும், அங்கே வேலை செய்தேன் என்ற முதல் அடியை நாமதான் வைக்கணும். எங்க அப்பாவிடம் அந்த நோட்டு இருந்திருந்தால் வக்கீல் முன்னால் கையை விரித்திருக்க மாட்டார்.

எழுதிய சட்டத்தை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாள்தான்.

முடிக்கிறேன். இத்தனை நேரம் எண்களாகவே சொன்னேன். 10, 20, 40, 50, 300. எல்லாம் நம்மை வெளியே நிறுத்துகிற எண்கள். அதே சட்டத்துக்குள் ஒரு எண் நமக்காகவும் இருக்கு. தொழிலுறவுத் தொகுப்பின்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கத் தேவையான ஆட்கள் ஏழு பேர். அந்த இடத்துத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு, அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அவ்வளவு பேர் சங்கத்தில் இருக்கணும். எப்படியும் ஏழு பேருக்குக் குறையக்கூடாது.

நம்ம ஊரில் அந்த அக்காவைப் போல அலுவலகங்களிலும் கடைகளிலும் கூட்டிப் பெருக்குகிற இன்னும் மூன்று பேரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். அவரோடு நாலு. மூணு பேர் குறையறாங்க. அவருடைய பழைய வவுச்சர் கட்டுகள் கிளையின் ரெக்கார்டு ரூமில் தேதிவாரியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவருடைய கைநாட்டு, பக்கத்தில் என் கையெழுத்து. எவனாவது ஆதாரம் கேட்டால், அங்கே போய்ச் சாட்சி சொல்ல வேண்டியவன் நான். அதற்கு என் வேலைக்கு என்ன வரும் என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அக்கா கேட்ட கேள்வியை இனிமேல் அவர் ஒருத்தராகக் கேட்க வேண்டியதில்லை.

கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். அந்த மூணு பேரைத் தெரிந்தவர்கள் பேசிட்டுப் போங்க.